படிவம் கேட்ட கடைசிப் பெயர்

சென்ற மாதம் ஓர் இணையவழிப் பயிற்சி வகுப்பில் சேர்வதற்காகப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தேன். முதற்பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதிவிட்டு, கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் வழக்கம்போல் அப்பா பெயரின் முதலெழுத்தை இட்டேன். குறைந்தது இரண்டு எழுத்துகள் தேவை என்று சிவப்பு நிறத்தில் ஒரு வரி தோன்றியது. எழுத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தேன். குறியீடுகளுக்கு அனுமதி இல்லை என்றது. கட்டத்தை வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்க மறுத்தது. அப்பாவின் பெயரை முழுதாக எழுதியிருக்கலாம். ஆனால் முன்பு வேறோர் இடத்தில் அப்படி எழுதிக்கொடுத்ததன் பயனாக, அப்பாவின் பெயரைச் சொல்லி என்னை அன்புடன் விளிக்கும் மின்னஞ்சல்கள் ஆறு மாதம் வந்துகொண்டே இருந்தன. அலுத்துப்போய், இரண்டு கட்டங்களிலும் என் பெயரையே எழுதி அனுப்பிவிட்டேன். பயிற்சி முடிந்து வந்த சான்றிதழில், கிணற்றுக்குள் கூப்பிட்டது போல என் பெயர் இரண்டு முறை அச்சாகியிருக்கிறது.

அந்தப் படிவத்தைச் செய்தவரிடம் எனக்குக் கோபம் இல்லை. மனிதர் எவருக்கும் தமக்கென்று ஒரு பெயரும் குடும்பத்துக்கென்று ஒரு பெயரும் இருக்கும் என்பதை அவர் இயற்கை விதி போலவே எடுத்துக்கொண்டிருக்கிறார். இந்தோனேசியாவின் முதல் இரு குடியரசுத் தலைவர்களான சுகர்னோவும் சுகார்த்தோவும் அந்தப் படிவத்தை நிரப்பியிருந்தாலும் என்னைப் போலவே முழித்திருப்பார்கள். இருவருக்கும் இருந்தது ஒற்றைப் பெயர்தான். ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச்செயலாளராக இருந்த பர்மியர் ஊ தாண்டின் பெயரில் ‘ஊ’ என்பது ‘திரு’ என்பதைப் போன்ற மரியாதைச் சொல். அதை நீக்கினால் ‘தாண்ட்’ என்ற ஒரே சொல்தான் மிஞ்சும். ஒற்றைப் பெயருடைய கடவுச்சீட்டோடு செல்பவர்களுக்கு அமெரிக்க விசாவில், முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கமாக ‘எஃப்என்யூ’ என்று மூன்று எழுத்துகளை அச்சிட்டுக் கொடுப்பார்கள். அதையே பெயர் என்று எண்ணி அழைத்தவர்களைப் பற்றிய கதைகள் பல உண்டு.

நம்முடைய தலைப்பெழுத்து முறைக்கு நெருங்கிய உறவுமுறை ஐஸ்லாந்தில் இருக்கிறது. அங்கே 1980-இல் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட விக்டிஸ் ஃபின்போகாதோத்திர் என்பவரின் பெயரில் இரண்டாவதாக வருவது, ஃபின்போகியின் மகள் என்ற விவரம் மட்டுமே. அவருடைய சகோதரருக்கு அது ஃபின்போகியின் மகன் என்று மாறும். அடுத்த தலைமுறையில் அதுவும் மறைந்து வேறொன்று வரும். ஆகையால் அந்நாட்டுத் தொலைபேசிக் கையேடு, முதற்பெயரின் அகர வரிசையிலேயே அமைக்கப்பட்டது. புதிதாகக் குடும்பப்பெயர் வைத்துக்கொள்வதை 1925-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. குடும்பப்பெயர் இல்லாமல் ஒரு நவீன அரசு வரி வசூலிக்கவும் தேர்தல் நடத்தவும் முடியும் என்பதற்கு அந்தச் சின்னத் தீவு போதுமான சாட்சி.

குடும்பப்பெயர் என்றதும், இரத்தத்தோடு இறங்கிவந்த பழஞ்சொத்து ஒன்றை நினைத்துக்கொள்வது எல்லோருக்கும் வழக்கமாக இருக்கிறது. கொஞ்சம் தேடிப் படித்தபோது எனக்குப் பட்டது வேறு. உலகின் பல நாடுகளில் அதன் வயது நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் போவதில்லை. அதைப் பெற்று வளர்த்தது குடும்பம் என்பதைவிடப் பதிவேடு என்று சொல்வதே பொருந்தும். பதிவேட்டுக்கு முன்னால் இருந்தது ஊர்வாய். முதலில் அதைப் பார்த்துவிடலாம்.

இங்கிலாந்தில் ஸ்மித், ஜெர்மனியில் ஷ்மிட், போலந்தில் கோவால்ஸ்கி, ஹங்கேரியில் கோவாச், ரஷ்யாவில் குஸ்னெட்சோவ், பிரான்சில் லெஃபெவ்ர், இத்தாலியில் ஃபெர்ராரி, அரபு நாடுகளில் ஹதாத் என்று மொழிக்கு மொழி உருமாறி நிற்கும் இந்தப் பெயர்கள் எல்லாவற்றின் பின்னாலும் இருப்பவர் ஒருவரே: கொல்லர். ஒவ்வொரு நாட்டிலும் மிகப் பரவலான குடும்பப்பெயர்களின் வரிசையில் இவை இடம்பிடிக்கின்றன. ஆனால் அந்தப் பெயர்கள் தோன்றிய காலத்தில் ஐரோப்பியரில் மிகப் பெரும்பாலானோர் உழவர்கள். கொல்லர்கள் ஒரு கைப்பிடிதான். அப்படியிருக்க உழவரின் பெயர் ஏன் மிஞ்சவில்லை? ஊரே உழுதுகொண்டிருக்கும்போது ஒருவனை ‘உழவன் ஜான்’ என்று அழைத்து யாருக்கு என்ன பயன்? அடையாளம் காட்டுவது எண்ணிக்கையில் குறைவானதுதான். நாற்பது ஜான்கள் இருக்கும் ஊரில் உலைக்களம் வைத்திருக்கும் ஜான் ஒருவனே என்பதால் அவன் ‘கொல்லன் ஜான்’ ஆகிறான். இப்படி ஊருக்கு ஒரு கொல்லன் என்ற கணக்கில் ஆயிரக்கணக்கான ஊர்களைச் சேர்த்தால், ஒன்றுக்கொன்று உறவே இல்லாத ஆயிரக்கணக்கான ஸ்மித் குடும்பங்கள் தயார். ஆங்கிலத்தில் ‘ஃபார்மர்’ என்ற குடும்பப்பெயர் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தப் பெயர் உருவான நாளில் அச்சொல்லுக்கு உழவர் என்ற பொருளே இல்லை. வரியையும் குத்தகையையும் வசூலிக்கும் உரிமையை ஏலம் எடுத்தவரைக் குறித்த சொல் அது.

இதே தருக்கம் ஊர்ப்பெயர், இனப்பெயர் ஆகியவற்றிலும் ஓடுகிறது. ஹங்கேரியில் மிகுதியாகக் காணப்படும் ஹொர்வாத் என்ற பெயருக்குக் குரோவேசியர் என்று பொருள். தோத் என்றால் ஸ்லாவியர், நேமெத் என்றால் ஜெர்மானியர். குரோவேசியர்கள் மட்டுமே வாழும் ஊரில் ஒருவரைக் குரோவேசியர் என்று யாரும் சுட்டமாட்டார்கள். எல்லை தாண்டி வந்து குடியேறியபின் அக்கம்பக்கத்தார் சூட்டிய பெயர் அது. போலந்தில் மிகப் பரவலான நோவாக், செக் நாட்டின் நோவாக், நொவோத்னி ஆகியவை ‘புதியவன்’ என்று சொல்கின்றன. முதல் தலைமுறை வந்து இறங்கிய நாளில் ஊரார் சொன்ன சொல், பதினைந்து தலைமுறை கடந்த பிறகும் புதியவன் என்றே அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. பல குடும்பப்பெயர்கள் மூதாதையர் தம்மைப்பற்றிச் சொல்லிக்கொண்டவை அல்ல, அண்டை வீட்டார் அவர்களைப்பற்றிச் சொன்னவை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இவை விளங்கும். குட்டை, சிவப்புமுடி, மொட்டை என்றெல்லாம் பொருள்தரும் குடும்பப்பெயர்கள் ஐரோப்பா முழுவதும் கிடைப்பதும் இதனால்தான்.

வாய்ச்சொல்லாக இருக்கும்வரை இந்தப் பெயர்கள் ஆளோடு மாறிக்கொண்டிருந்தன. கொல்லனின் மகன் துணி நெய்தால் அவன் நெசவாளி ஆனான். எழுத்தில் ஏறியதும்தான் அவை உறைந்தன. இங்கிலாந்தில் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-இல் ஒவ்வொரு தேவாலயப் பங்கும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அதற்கு முன்பே வரிப்பட்டியல்களும் நிலப்பத்திரங்களும் அந்த வேலையைப் பாதி செய்திருந்தன. வேல்ஸ் பகுதியில் ‘இன்னார் மகன் இன்னார்’ என்று நான்கைந்து தலைமுறையை அடுக்கிச் சொல்லும் பழக்கம் இருந்தது; மகன் என்பதற்கு அவர்கள் மொழியில் ‘ஆப்’. ஆங்கிலேய நிர்வாகத்தின் ஏட்டில் அந்தச் சங்கிலி ஒரே கண்ணியாக வெட்டப்பட்டு, ஆப் ஹிவெல் பவெல் ஆனார், ஆப் ரீஸ் பிரைஸ் ஆனார், ஆப் ஓவென் போவென் ஆனார். எஞ்சியவர்களில் பெரும்பகுதியினர் அப்போதைய அப்பாவின் பெயரையே பிடித்துக்கொண்டதால் ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ், எவன்ஸ் என்ற சில பெயர்களுக்குள் வேல்ஸ் அடங்கிப்போயிற்று. ஒருவரை ஒருவர் பிரித்தறிய முடியாமல், பால்கார ஜோன்ஸ், அஞ்சல்கார ஜோன்ஸ் என்று ஊர்வாய் மறுபடியும் புதிய பெயர்களை உண்டாக்கத் தொடங்கியது. சுவீடன் படையிலும் இதே சிக்கல்தான்; ஒரே அணியில் பல ஆண்டர்சன்கள் நின்றதால், கூப்பிட எளிதாக ராஸ்க், மூதிக், ஸ்டோல் என்று ஒரு சொல்லில் பெயர் சூட்டினார்கள். அவற்றுக்கு முறையே விரைவானவன், துணிந்தவன், எஃகு என்று பொருள். படையை விட்டு வந்தபிறகும் பலர் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

இவையெல்லாம் நூற்றாண்டுக்கணக்கில் மெல்ல நடந்தவை. ஒரே ஆணையில் ஒரு நாட்டுக்கே பெயர் வைத்த கதை பிலிப்பைன்சுடையது. ஸ்பானிய ஆளுநர் நர்சிஸோ கிளவேரியா, 1849 நவம்பர் 21 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். தீவுகளைச் சுற்றிப் பார்த்தபோது, மக்களில் பெரும்பாலோர்க்கு நிலையான குடும்பப்பெயர் இல்லாததையும், தே லா குரூஸ், தே லோஸ் சாந்தோஸ் போன்ற சமயம் சார்ந்த சில பெயர்களையே உறவில்லாத பலரும் சூடியிருந்ததையும், ஒரே வீட்டின் அண்ணன் தம்பிகள் வெவ்வேறு பெயரில் இருந்ததையும் அவர் கண்டிருந்தார். வரி கணக்கு எப்படித் தேறும்? ஏறக்குறைய 60,000 பெயர்களை அகர வரிசையில் தொகுத்து ஒரு பெயர்ப்பட்டியல் நூல் அச்சிடப்பட்டது. ஸ்பானியப் பெயர்களோடு உள்ளூர் மொழிச் சொற்களும், மரம், விலங்கு, கனிமம், இடம் என்று கிடைத்தவை எல்லாமும் அதில் சேர்க்கப்பட்டன. மக்கள்தொகைக்கு ஏற்பத் தாள்கள் மாகாணங்களுக்கும், அங்கிருந்து ஊர்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டன. ‘ஆர்’ எழுத்துள்ள தாள்கள் போய்ச் சேர்ந்த ஊரில் எல்லாக் குடும்பங்களும் ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பெயரைத் தேர்ந்துகொண்டன. அல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் என்ற ஊரில் இன்றைக்கும் பழைய குடும்பங்கள் பலவற்றின் பெயர் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது. அந்த ஆணையில் நான் திரும்பத் திரும்பப் படித்தது பள்ளி ஆசிரியர்களுக்கான பகுதி. மாணவர்களின் புதிய குடும்பப்பெயர்களை ஏட்டில் எழுதி வைத்துக்கொண்டு, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அந்தப் பெயரால் மட்டுமே அழைக்கும்படி அவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். நேற்றுவரை விளையாட்டில் ஒரு பெயரால் கூப்பிட்ட தோழனை இன்று ஆசிரியர் கேட்கும்படி வேறு பெயரால் கூப்பிட வேண்டிய சிறுவனை எண்ணிப் பாருங்கள்.

ஜப்பானில் 1870-இல் பொதுமக்களும் குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்துப் பார்த்தார்கள், ஆர்வம் போதவில்லை. படைக்கு ஆள் சேர்க்கும் கணக்குக்காக 1875-இல் அதைக் கட்டாயமாக்கினார்கள். வயல் நடுவே என்று பொருள்படும் தனாகா, மலைவாய் என்று பொருள்படும் யமகுச்சி என்று கண்ணுக்கு எதிரே இருந்த நிலத்தைப் பெயராக எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். துருக்கியில் 1934-இல் குடும்பப்பெயர்ச் சட்டம் வந்தது. அங்கே மிகப் பரவலான பெயர்களின் பொருளை வரிசையாகப் படித்தால் ஒரு தலைமுறை தன்னைப்பற்றிக் கண்ட கனவு தெரிகிறது: யில்மாஸ் என்றால் அஞ்சாதவன், காயா என்றால் பாறை, தெமிர் என்றால் இரும்பு, செலிக் என்றால் எஃகு, ஷாஹின் என்றால் வல்லூறு. முஸ்தபா கெமாலுக்கு நாடாளுமன்றமே அத்தாதுர்க் என்ற பெயரைச் சூட்டி, வேறு எவரும் அதை வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் விதித்தது.

தாய்லாந்து எடுத்த வழி இன்னும் விசித்திரம். மன்னர் வஜிராவுத் 1913-இல் குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கியதோடு நில்லாமல், 6,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குத் தாமே பெயர் அமைத்துக் கொடுத்தார். ஒரு குடும்பம் பதிந்த பெயரை உறவில்லாத மற்றொரு குடும்பம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது அங்குள்ள விதி. ஆகவே பின்னால் வந்தவர்கள், ஏற்கெனவே பதிவானவற்றிலிருந்து வேறுபடுவதற்காகப் பாலி, சமஸ்கிருதச் சொற்களை ஒன்றோடொன்று கோத்துப் பெயரை நீட்டிக்கொண்டே போனார்கள். சட்டம் வென்றது, வாய் தோற்றது என்றுதான் சொல்ல வேண்டும்; அவ்வளவு நீளமான பெயரை யார் சொல்லுவார்கள்? தாய்லாந்தில் பிரதமரையும் முதற்பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். வீட்டிலும் நட்பிலும் ஓரசைச் செல்லப்பெயர் போதுமானதாக இருக்கிறது.

பதிவேட்டைப் பற்றி இவ்வளவு சொன்ன நான், அதன்மேல் சுமத்தப்படும் இரண்டு பொய்ப்பழிகளையும் நீக்கிவிட வேண்டும். நெப்போலியன் 1811-இல் நெதர்லாந்தில் குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கியபோது, அது நீடிக்காது என்று எண்ணிய மக்கள் கேலிக்காக ‘அம்மணமாகப் பிறந்தவன்’ என்று பொருள்படும் நாக்ட்கெபோரென் போன்ற பெயர்களைப் பதிந்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. உண்மையில் அந்தப் பெயர் அதற்கு முன்பே வழக்கில் இருந்தது. தந்தை இறந்தபின் பிறந்தவன் என்று பொருள்படும் பழைய சொல்லின் திரிபு அது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் 1892 முதல் வந்திறங்கிய குடியேறிகளின் பெயர்களை அங்கிருந்த எழுத்தர்கள் வாய்க்கு வந்தபடி மாற்றினார்கள் என்பது இரண்டாவது. அந்த எழுத்தர்கள் எந்தப் பெயரையும் புதிதாக எழுதவில்லை. கப்பல் புறப்பட்ட துறைமுகத்திலேயே தயாரான பயணிகள் பட்டியலை வைத்துச் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பின்னாளில், வேலைக்காகவோ அக்கம்பக்கத்தாரின் நாக்குக்காகவோ, தாமே மாற்றிக்கொண்டவர்கள். தாத்தா மாற்றினார் என்பதைவிட அதிகாரி மாற்றினார் என்பது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

ஒரு குடும்பப்பெயர் ஏன் பெருகுகிறது என்ற கேள்விக்கு முதல் விடை அதிகாரம். வியட்நாமில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் நுயென். லீ அரச மரபை வீழ்த்திய சான் மரபினர், 1232-இல் லீ என்ற பெயருடையோரை நுயென் என்று மாற்றிக்கொள்ள வைத்தார்கள். பழைய அரசகுலத்தின் பெயரே நாட்டில் ஒலிக்கக் கூடாது என்பது நோக்கம். பிற்காலத்தில் நுயென் என்ற பெயருடைய மரபே 1802 முதல் 1945 வரை ஆண்டது; ஆளுவோரின் பெயரைச் சூடுவது பாதுகாப்பாகவும் பெருமையாகவும் இருந்தது. கொரியாவில் கிம், லீ, பார்க் என்ற மூன்றே பெயர்களில் மக்களில் ஏறக்குறைய 45 விழுக்காட்டினர் அடங்கிவிடுகிறார்கள். அவ்வளவு பேரும் பழைய அரசகுலங்களின் வாரிசுகள் என்று எண்ணினால் அரண்மனைகள் கொள்ளாது. ஜோசோன் ஆட்சியின் பிற்பகுதியில் குலவரலாற்று ஏடுகள் விலைக்கு வாங்கப்பட்டன. 1894-இல் பிறப்புவழித் தகுதிநிலைகள் ஒழிக்கப்பட்டு, 1909-இல் குடிமைப் பதிவு வந்தபோது, அதுவரை குடும்பப்பெயரே இல்லாதிருந்த எளிய மக்கள் கௌரவமான பெயர் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். வேறு எதைத் தேர்ந்திருக்க முடியும்?

ரோமானியப் பேரரசில் இது ஒரே நாளில் நடந்தது. மன்னர் கரகல்லா கி.பி. 212-இல் பேரரசின் சுதந்திர மக்கள் அனைவரையும் குடிமக்கள் ஆக்கினார். குடியுரிமை தந்தவரின் குலப்பெயரை ஏற்பது மரபு. அவருடைய முறையான பெயரில் அவ்ரேலியஸ் இருந்தது. எகிப்திலும் சிரியாவிலும் இருந்த எண்ணற்ற உழவர்களும் வணிகர்களும் அவ்ரேலியஸ் ஆனார்கள். எல்லோரிடமும் இருந்த அந்தப் பெயரால் யாரையும் பிரித்தறிய முடியவில்லை; சில தலைமுறைகளில் ரோமானியரின் குலப்பெயர் முறையே தேய்ந்து போனதில் இதற்கும் பங்கு உண்டு.

இதற்கு நேர் எதிர்த்திசையில் வந்தது அமெரிக்காவின் வாஷிங்டன் என்ற குடும்பப்பெயர். 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தப் பெயருடையோரில் ஏறக்குறைய 90 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். அடிமை முறை ஒழிந்தபோது, சட்டத்தின் கண்ணில் அதுவரை குடும்பப்பெயரே இல்லாதிருந்தவர்கள் தாமாக ஒன்றைப் பதிந்துகொள்ள முடிந்தது. எல்லோரும் எசமானரின் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்பது பொதுவான எண்ணம் என்றாலும், பலர் நாட்டின் முதல் குடியரசுத் தலைவருடைய பெயரைத் தேர்ந்தார்கள். இதே வரலாற்றின் மறுமுனையில், மால்கம் லிட்டில் என்று பிறந்தவர், தம் முன்னோரின் உண்மைப் பெயர் என்றைக்கும் அறியமுடியாதபடி பறிபோனதைக் காட்டுவதற்காக, கணக்கில் தெரியாத எண்ணைக் குறிக்கும் எழுத்தையே எடுத்து மால்கம் எக்ஸ் ஆனார்.

இரண்டாவது விடை வெறும் தற்செயல். நான் படித்தவற்றில் என்னை மிகவும் கவர்ந்ததும் அதுவே. பெருங்குடும்பங்களின் பெயர்கள் அழிந்துபோவது ஏன் என்ற கேள்வியை 1873-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் ஒரு கணிதப் புதிராக வெளியிட்டார். பெயர் ஆண்வழியில் மட்டுமே இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் ஊரில் ஆயிரம் குடும்பங்கள், ஆயிரம் பெயர்கள். சராசரியாகத் தலைக்கு ஒரு மகன். சராசரி என்பதற்கு எல்லோருக்கும் ஒரு மகன் என்று பொருள் அன்று. சிலருக்கு மூன்று மகன்கள், சிலருக்கு மகள்கள் மட்டும், சிலருக்கு மக்களே இல்லை. மகன் இல்லாத வீட்டுப் பெயர் அத்தோடு முடிந்தது, திரும்பி வராது. அடுத்த தலைமுறையில் ஆள் எண்ணிக்கை அதே ஆயிரம்தான், பெயர்களின் எண்ணிக்கையோ குறைந்துவிடுகிறது. இப்படியே தலைமுறைகள் செல்லச்செல்ல, எவரும் எந்தத் தவறும் செய்யாமல், எவருக்கும் எந்தச் சிறப்பும் இல்லாமல், பெரும்பாலான பெயர்கள் மறைந்து, எஞ்சிய சில பெருத்து நிற்கும். புதிரைத் தீர்க்க முன்வந்த ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார், எல்லாப் பெயர்களும் ஒருநாள் அழிந்தே தீரும் என்று முடித்துவிட்டார். மக்கள்தொகை வளர்ந்துகொண்டிருந்தால் சில பெயர்கள் தப்பிப் பிழைக்கும் என்பதைக் கவனிக்கத் தவறிய பிழை அது. அவர்கள் தொடங்கிய கணக்கு இன்று அணுக்கருப் பிளவின் தொடர்வினைக்கும் நோய்த்தொற்றின் பரவலுக்கும் பயன்படுகிறது.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு உலகைப் பார்த்தால் ஒன்று புலப்படும். சீனாவில் வாங், லீ, ஜாங் என்ற மூன்று பெயர்களில் ஐந்தில் ஒருவர் அடங்குகிறார். அங்கே குடும்பப்பெயர்களுக்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வயது. ‘பழைய நூறு பெயர்கள்’ என்ற தொடர்தான் சீன மொழியில் பொதுமக்களைக் குறிக்கிறது. சீனாவின் மக்கள்தொகையில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத ஜப்பானில் 1,00,000-க்கும் மேற்பட்ட குடும்பப்பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை பொதுமக்களிடம் நிலைபெற்று நூற்றைம்பது ஆண்டுகளே ஆகின்றன. உதிர்வதற்கு அவற்றுக்கு இன்னும் காலம் வரவில்லை.

அபூர்வமான குடும்பப்பெயர் என்றால் உறவு உண்மையாகவே இருக்கக்கூடும். மரபணு அறிஞர் பிரையன் சைக்ஸ், தம் குடும்பப்பெயரே கொண்ட, தமக்கு உறவென்று அறியாத ஆண்களின், தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே இறங்கும் ஒய் குரோமோசோமை ஒப்பிட்டு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஒரே வகை காணப்பட்டது. ஸ்மித்துகளிடம் அப்படி ஒன்றும் எதிர்பார்க்க முடியாது. கொல்லர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தார்கள்.

இயற்பெயர்களின் கதி முற்றிலும் வேறு, ஏனென்றால் அவற்றை ஒவ்வொரு பெற்றோரும் புதிதாகத் தேர்கிறார்கள். தேர்கிறார்கள் என்பதும் அரைகுறை உண்மைதான். நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தை வென்றபின், ஏதெல்ரெட், காட்வின் போன்ற பழம்பெயர்கள் சில தலைமுறைகளில் ஒதுங்கி, வென்றவர்களின் வில்லியமும் ராபர்ட்டும் ரிச்சர்டும் குடிசைகள் வரை இறங்கிவிட்டன. பிரான்சில் 1803-ஆம் ஆண்டுச் சட்டம், நாட்காட்டியில் உள்ள புனிதர்களின் பெயர்களையும் பழைய வரலாற்றில் அறியப்பட்டவர்களின் பெயர்களையும் மட்டுமே குழந்தைக்கு வைக்கலாம் என்றது. விரும்பிய பெயரை வைக்கும் சுதந்திரம் 1993-இல்தான் பெருமளவு கிடைத்தது. சுதந்திரம் இருக்கும் இடத்திலும் தேர்வு அவ்வளவு சுதந்திரமானது அல்ல. அமெரிக்காவில் 1880-இல் பிறந்த ஆண்குழந்தைகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் ஜான். இப்போது முதலிடத்தில் இருக்கும் பெயரே நூற்றுக்கு ஒன்றைத்தான் எட்டுகிறது. எல்லோரும் தம் பிள்ளைக்குத் தனித்த பெயர் தேடுகிறார்கள். ஆனால் ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு தேடுவதால், ஐடன், ஜேடன், பிரேடன், ஹேடன் என்று ஒலியில் ஒன்றாகவும் எழுத்தில் வேறாகவும் உள்ள பெயர்களில் போய் முட்டிக்கொள்கிறார்கள்.

மேரி என்ற பெயர் 1880 முதல் 1946 வரை அமெரிக்கப் பெண்குழந்தைகளின் பெயர்களில் அசையாமல் முதலிடத்தில் இருந்தது. அடுத்த ஆண்டே அதை லிண்டா கவிழ்த்தது. காரணம், 1947-இல் நாடெங்கும் ஒலித்த ‘லிண்டா’ என்ற ஒரு பாட்டு. பாடலை எழுதியவர் தம் வழக்கறிஞருடைய சின்ன மகளின் பெயரை அதில் வைத்திருந்தார். அந்தச் சிறுமி வளர்ந்து பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னியை மணந்தார். ஐரிஷ் துறவி ஒருவரின் பெயரான கெவின், 1990-களின் தொடக்கத்தில் ஒரு திரைப்படத்தின் சுட்டிப்பையனோடு சேர்ந்து பிரான்சிலும் ஜெர்மனியிலும் வெள்ளம்போல் பெருகியது. அந்தக் குழந்தைகள் பள்ளிக்குப் போன காலத்தில், 2009-இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், கெவின் என்பது பெயரல்ல, நோய்க்குறி என்று ஓர் ஆசிரியர் எழுதிவைத்தார். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் பிள்ளையின் வகுப்பறை ஒழுங்கையும் படிப்புத் திறனையும் ஆசிரியர்கள் ஊகித்துவிட்டிருந்தார்கள். விரைந்து ஏறும் பெயர் விரைந்து இறங்கவும் செய்கிறது, ஆனால் பெயர் இறங்கினாலும் அதைச் சுமப்பவர் அடுத்த அறுபது ஆண்டுகள் அதே பெயரோடுதான் நேர்காணலுக்குப் போக வேண்டும்.

குடும்பப்பெயர் பற்றிய பேச்சில் பெண்கள் எங்கே என்று கேட்டால், கால்டனின் கணக்கிலேயே அவர்கள் இல்லை. ரோமில் மகளுக்குத் தனிப்பெயர்கூடக் கிடையாது. யூலியஸ் குலத்தில் எத்தனை பெண்கள் பிறந்தாலும் எல்லோரும் யூலியாதான், மூத்தவள், இளையவள் என்று வேண்டுமானால் ஒட்டிக்கொள்ளலாம். அமெரிக்காவில் பெண்ணுரிமைப் போராளி லூசி ஸ்டோன் 1855-இல் திருமணத்துக்குப் பிறகும் தம் பெயரை விடமாட்டேன் என்று நின்றது அப்போது பெரும் பரபரப்பு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் மணமான பெண் பிறந்தவீட்டுப் பெயரிலேயே தொடர வேண்டும் என்பது சட்டம். ஜப்பானிலோ கணவன் மனைவி இருவரும் ஒரே குடும்பப்பெயரில் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. எவர் பெயரை வேண்டுமானாலும் தேரலாம் என்றாலும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இணைகளில் மாற்றிக்கொள்பவர் மனைவிதான்.

கடைசியாக மங்கோலியா, ஏனென்றால் அங்கே பதிவேடு திசைமாறி ஓடியது. 1920-களில் வந்த கம்யூனிஸ்ட் அரசு, பிரபுத்துவத்தின் மிச்சம் என்று குலப்பெயர்களைத் தடைசெய்தது. மக்கள் தந்தையின் பெயரையோ அதன் முதலெழுத்தையோ தம் பெயருக்கு முன்னால் இட்டு எழுதினார்கள், நாம் செய்வதேதான். எழுபது ஆண்டுகளுக்குப் பின் புதிய அரசு, எல்லோரும் குலப்பெயரைப் பதிய வேண்டும் என்றபோது, பெரும்பாலோர்க்குத் தம் குலம் எது என்பதே மறந்துபோயிருந்தது. மறந்தவர்களில் ஏராளமானோர் செங்கிஸ்கானின் குலப்பெயரான போர்ஜிகின் என்பதை எழுதிக்கொடுத்தார்கள். இப்படி நாட்டில் பாதி அரசகுலம் போல ஆனதில், குலப்பெயர் கேட்ட காரணமே அடிபட்டுப்போயிற்று. அப்போது பாதுகாப்பு அமைச்சராக இருந்த குர்ரக்சாவும் ஒரு பெயரைத் தேர்ந்து எழுதினார். அவர் 1981-இல் சோவியத் விண்கலத்தில் பறந்தவர். விண்வெளிக்குச் சென்ற முதல் மங்கோலியர். அவர் பதிந்துகொண்ட குலப்பெயர் சன்சார். பௌத்தத்தோடு வடக்கே போய்ச் சேர்ந்த வடசொல் அது. அவர்கள் மொழியில் அண்டவெளி என்று பொருள்படுகிறது. நம்மிடம் அதே சொல் சம்சாரம் என்று வழங்குகிறது.